வில் ஒரு வீட்டில், கிண்ணி ஒரு வீட்டில்

முதலில் வந்தது மழையா, தகரமா? இன்றும் எனக்குக் குழப்பம்தான். மழை விழுகிற சத்தத்தோடுதான் அந்தத் தகரம் என் நினைவில் நிற்கிறது. ஆனால் ஷெட்டின் நடுவே தகரம் அடித்த அன்று நல்ல வெயில் என்று அம்மா சொல்கிறாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே வீடெல்லாம் தேடுகிற என் வயதுக்காரர்களே, உங்களுக்கும் இப்படித்தானா? ஒரு பருவம் மொத்தமும் ஒரே நாளாகச் சுருண்டு கிடக்கிறதா? எந்த நுனியைப் பிடித்து இழுத்தாலும் வேறு ஏதோ நுனி அவிழ்கிறதா?

சென்ற வாரம் என் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். ஏ.சி. அறையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, கண்ணாடிக்கு அப்பால் வேலை நடப்பதைக் காட்டினார்கள். சத்தம் இல்லை. வாசனை இல்லை. ஒரு இளைஞன் ஏதோ ஒரு இன்ஜின்மேல் குனிந்து எதையோ அமுக்கினான். தனியாகவே அமுக்கினான். நான் ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டேன். காபி சூடு என்று பக்கத்திலிருந்தவரிடம் பொய் சொன்னேன்.

எங்கள் ஷெட்டில் அமுக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும்.

ஸ்ரீராம்புரத்தில், ரயில் பாதையை ஒட்டிய சந்தில் இருந்தது ஷெட். அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து நடத்தியது. டீசல் வேன்களும் டெம்போக்களும் முன்னால் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே எந்நேரமும் கழற்றிப் போட்ட ஒரு இன்ஜின். அதன் தலைப்பாகத்தை ஹெட் என்பார்கள். ஹெட்டில் வால்வுகள் வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு முரட்டு ஸ்பிரிங்குக்குள் சிக்கிக்கொண்டு நிற்கும். அந்த ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்தால்தான் வால்வு கழன்று வரும். அமுக்குவதற்கு ஒரு கருவி இருந்தது. வால்வ் லிஃப்டர்.

தங்கவயல் ஒர்க்‌ஷாப்பில் இருந்த காலத்தில் தாத்தா தன் கையால் அடித்துச் செய்தது. வளைந்த கனத்த இரும்பு ஒன்று, நாணில்லாத வில்லைப் போல. அதை வில் என்றே சொன்னோம். ஒரு முனையில் சப்பையான பாதம், மறுமுனையில் நீண்ட பிடி. பிடியின் கீழே, பக்கத்தில் ஜன்னல் வெட்டிய ஒரு சின்ன இரும்புக் கிண்ணம் மாட்டியிருக்கும். அது கிண்ணி. திருகினால் தனியே கையோடு வந்துவிடும். கிண்ணி இல்லாத வில் வெறும் வளைந்த இரும்பு. வில் இல்லாத கிண்ணியில் உப்பு வைத்துக்கொள்ளலாம்.

பெரியப்பா பிடியை அமுக்குவார். ஸ்பிரிங் முனகிக்கொண்டே இறங்கும். அப்பா குனிந்து, கிண்ணியின் ஜன்னல் வழியாக ஸ்க்ரூ டிரைவர் நுனியை விட்டு, பிளந்த புளியங்கொட்டை போன்ற இரண்டு பாதி வளையங்களை எடுப்பார். அவைதான் லாக். திரும்ப மாட்டும்போது கிரீஸ் தொட்டு அதே இடத்தில் ஒட்டவைக்க வேண்டும். சரியாக உட்காராவிட்டால் ஓடும்போது வால்வு உள்ளே விழுந்துவிடும். பெரியப்பாவின் கை நடுங்கக்கூடாது, அப்பாவின் மூச்சு பலமாக வரக்கூடாது.

"அமுக்குண்ணா."

"அமுக்கிகினுதான்டா கீறேன்."

"இன்னும் கொஞ்சம்."

"இன்னும்னா நான் அந்தப் பக்கம் வந்து உன் மடியில வுழுந்துடுவேன். சீக்கிரம் வைடா."

அவர்கள் பேசியதிலேயே எனக்கு அதிகம் ஞாபகம் இருப்பது இதுதான். அண்ணன் தம்பிக்குள் வேறு என்ன பேசிக்கொண்டார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். எதுவும் வரவில்லை.

இனி அம்மாவையும் பெரியம்மாவையும் சொல்ல வேண்டும். அவர்களும் கூடப்பிறந்தவர்கள். அக்காள் அண்ணனையும் தங்கை தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். சின்ன வயதிலேயே தாயில்லாமல் போனதால் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டு வளர்த்தது பெரியம்மாதான். கல்யாணமாகி நான் பிறந்த பிறகும் அது நிற்கவில்லை. மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் அம்மா போய்ப் பெரியம்மாவின் காலடியில் முதுகைக் காட்டி உட்காருவாள். தேங்காயெண்ணெய், மரச்சீப்பு, பக்கத்து வீட்டு ரேடியோ. பெரியம்மா போடுவது நாலு கால் பின்னல். பாம்பு நெளிவது மாதிரி இருக்கும். அந்தச் சந்தில் வேறு யாருக்கும் அது வராது. அம்மாவுக்கும் வராது. பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. என் தலையையும் பின்னிவிடுவாள். ஆனால் அம்மாவுக்குப் பின்னும்போதுதான் அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

இதெல்லாம் ஒரு லாக்கால் போனது.

ஒரு வேன். பொம்மசந்திரா பக்கம் ஏதோ தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போவது. எங்கள் ஷெட்டில் ஹெட் வேலை முடித்துப் போன இரண்டொரு நாளில் ஓசூர் ரோட்டில் படாரென்று நின்றுவிட்டது. வால்வு உள்ளே விழுந்து பிஸ்டனையே உடைத்திருந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டியிழுத்து வந்து ஷெட் வாசலில் நிறுத்தினார்கள். லாக் உட்காரவில்லை.

"லாக் வெச்சது நீ," என்றார் பெரியப்பா.

"அமுக்கினது நீ. நான் கைய எடுக்கறதுக்குள்ள உட்டுட்ட," என்றார் அப்பா.

"நான் உட்டனா?"

"பின்ன ஸ்பிரிங்கு தானா ஏறிச்சா?"

இரண்டு பேர் சேர்ந்து ஒரே நொடியில் செய்த வேலை. யார் கை தவறியது என்று எப்படிச் சொல்வது? அவர்களுக்கே தெரியாது. தெரிந்திருந்தால் ஒருவர் மன்னிப்புக் கேட்டிருப்பார், கதை அன்று சாயங்காலமே முடிந்திருக்கும். தெரியாததால்தான் இருவரும் அவ்வளவு சத்தம் போட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. இப்போது தோன்றுவது எதையும் நான் முழுசாக நம்புவதில்லை, அது வேறு விஷயம்.

சண்டை முற்றித் தொழிலைப் பிரிப்பது என்றானது. பாகம் பிரிக்க வந்தவர் ஷெட்டின் சொந்தக்காரர். எண்ணெய்க் கடை வைத்திருந்த கன்னடக்காரர், நல்ல மனிதர். ஸ்பேனரையும் சுத்தியலையும் தவிர வேறு ஆயுதத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. தார்ப்பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பினார்கள். பெரியப்பா ஒன்று எடுப்பார், அப்பா ஒன்று எடுப்பார். ஒரு சொல் இல்லாமல் எல்லாம் பிரிந்தது. கடைசியில் லிஃப்டர் மட்டும் கிடந்தது. இருவரும் கை வைக்கவில்லை, இருவரும் நகரவும் இல்லை. அப்பன் செய்தது அல்லவா?

சொந்தக்காரர் குனிந்து பார்த்தார். தூக்கினார். கிண்ணி கழன்று தார்ப்பாயில் உருண்டது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆயித்தல்லா! ரெண்டு இதே! ஒப்பரிகெ ஒந்து!" என்று வில்லை அப்பா கையிலும் கிண்ணியைப் பெரியப்பா கையிலும் கொடுத்தார். ஆளுக்கு ஒன்று. பிரச்சினை தீர்ந்தது.

அது ரெண்டு இல்லை சாமி, ஒன்றுதான் என்று சொல்ல ஒரு நொடி போதும். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா ரயில் பாதையைப் பார்த்தார். முதலில் வாயைத் திறப்பவன் தோற்றவன் என்று யார் அவர்களுக்குச் சொன்னார்களோ! இருவரும் கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனார்கள். இன்றுவரை எனக்கு விளங்காத விஷயம் இது. இரும்பு தெரிந்த இரண்டு ஆண்கள், இரும்பு தெரியாத ஒருவர் சொன்னதைக் கேட்டு, தங்கள் கையை நடுவில் வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

ஷெட்டின் நடுவே தகரம் நட்டார்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் இரண்டு குறுக்குத் தெரு தள்ளி வீடு மாறிப் போனார்கள். பெட்டி போன அன்று பெரியம்மா அம்மாவைக் கட்டிக்கொள்ளவில்லை. தெருமுனையில் திரும்பிப் பார்த்தாளாம். எனக்கு அது நினைவில்லை. அவள் இடுப்பில் இடுக்கிக்கொண்டு போன சொம்பு மட்டும் தெரிகிறது.

அதன்பின் வீடு மூச்சுவிடாமல் இருந்தது. மத்தியானங்களில் அம்மா பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பெரியம்மா இருந்த காலி அறை வாசலில் வந்து நிற்பாள். தலையை அவளே அள்ளி முடிந்துகொள்வாள். பின்னால் சிக்கு விழுந்து கெட்டித்துப்போனது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அக்காளைப் பார்க்க வேண்டும். அதை அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார், வேண்டாம் என்றபின் மீற முடியாது. கேட்காமலிருந்தால் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ.

ஒரு நாள் அப்பா சாப்பிடும்போது சோற்றைப் பார்த்துச் சொன்னார். "ஹெட்டு எறக்கி வெச்சிகீது. கிண்ணி இல்லாம எத்தினி நாளு கெடக்கப் போவுதோ."

யாரிடமும் சொல்லவில்லை. சோற்றிடம் சொன்னார்.

அம்மா ரசம் ஊற்றினாள். மறுநாள் மத்தியானம் தூக்குவாளியில் இட்லி மாவை ஊற்றினாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரிய தெரு வழியாகப் போகாமல், சாக்கடையை ஒட்டிய பின் சந்து வழியாக, சுவரோரமாகவே நடந்தாள்.

பெரியம்மா கதவைத் திறந்தாள். அம்மா அப்படியே உள்ளே போய்த் தரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பெரியம்மா சீப்பை எடுத்தாள். சிக்கைப் பார்த்து, "இன்னாடி இது, கூடு கட்டி வெச்சிகீற? குருவி எங்க?" என்றாள். அம்மாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

கிளம்பும்போதுதான் அம்மா விஷயத்தைச் சொன்னாள். கிண்ணி பெரியப்பா வீட்டுச் சாமி மாடத்தில், தாத்தா படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் வில்லும் அப்படியேதான், படத்துக்குக் கீழே. வேலை இருந்தால்தான் ஷெட்டுக்குப் போகும். பெரியம்மா படத்தைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நீ பாக்காத மாமா," என்று படத்திடம் சொல்லிவிட்டுக் கிண்ணியை எடுத்தாள். பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பெரியம்மா வீட்டு மாவைத் தூக்கில் ஊற்றி, அதற்கடியில் அமுக்கி வைத்தார்கள். மாவு கொண்டுபோய் மாவு கொண்டுவருவது என்ன கணக்கு என்று நான் கேட்டேன். "பேசாம நட," என்றாள் அம்மா.

வீட்டில் வில்லின் பக்கத்தில் கிண்ணியைக் கழுவி வைத்தாள். அப்பா சாயங்காலம் வந்தார், பார்த்தார், கேட்கவில்லை. காலையில் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் மாடத்தில் வைத்தார். மறுநாள் கிண்ணி மாவுக்கடியில் திரும்பிப் போனது.

பிறகு பெரியப்பா தன் வீட்டில் எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொல்வார்: "வில்லு இருந்தா முடிஞ்சிடும்." பெரியம்மா அதை அம்மாவிடம் சொல்வாள். விட்டுவந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்று அவளுக்குப் பிடிவாதம், அதனால் நடப்பதெல்லாம் அம்மாதான். வில் ஒயர் கூடையில், முருங்கைக்காய்க்கும் கீரைக்கும் நடுவில் போனது.

ஷெட்டில் ஒரு தகரத்தின் தடிமன்தான் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில். அந்தப் பக்கம் ஹெட் இறக்கினால் இந்தப் பக்கம் கேட்கும். கையை நீட்டிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த இரும்பு ஒரு வீட்டுக்குப் போய், கழுவப்பட்டு, சாமியைப் பார்த்து, கீரைக்கட்டில் ஒளிந்து, சாக்கடைச் சந்தைக் கடந்து, இன்னொரு சாமியைப் பார்த்து, பிறகுதான் தகரத்தின் அந்தப் பக்கம் போய்ச் சேரும்.

ஷெட்டுக்கு முன்னால் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிற பாய் ஒருவர் உட்கார்ந்திருப்பார். இரண்டு பக்கமும் அவர் கண்ணில் படும். ஒரு நாள் பள்ளி விட்டு நான் அந்த வழியாக வந்தபோது பிரஷ்ஷை ஆட்டிக்கொண்டே கத்தினார். "க்யா உஸ்தாத்! முந்தாநேத்து அந்தப் பக்கம் பாத்தேன் இந்த லிஃப்டரு, இன்னிக்கு இங்க கீது. அதுக்கு கால் மொளைச்சிட்டுதா?"

அப்பா நிமிரவில்லை. "இது வேற பாய்."

தகரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியப்பாவின் குரல்: "எங்குளுதும் வேற!"

"சரி சரி, நக்கோ பாபா, எனக்கு வம்பு வோணாம்," என்று பாய் கையெடுத்துக் கும்பிட்டார். "எனக்குத்தான் கண்ணு போச்சு."

ஒரு முறை கவர் கிழிந்துவிட்டது. அன்று இட்லி ஓரங்களில் சாம்பல் நிறம், வாயில் வைத்தால் கிரீஸ் வாடை. நான் துப்பினேன். அப்பா ஒரு துண்டைப் பிய்த்துப் பார்த்தார், மோந்தார், சட்னியில் நன்றாகப் புரட்டி விழுங்கினார். "மாவு நல்லா பொங்கிகீது," என்றார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்குத் தெரியாது என்றே அம்மா நம்பினாள். எனக்கு இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வேறு ஏதோவும் வருகிறது. மாவை மூடி, கூடையை மூடி, கதவைச் சாத்தி, அவ்வளவு பத்திரமாக எல்லாவற்றையும் மறைத்த என் அம்மா, தன் முதுகில் நாலு கால் பின்னலைத் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டுக்குள் வளைய வந்தாள். ஊரில் ஒரே ஒரு கை போடுகிற பின்னல். அதை அவளால் பார்க்க முடியாது. அப்பாவால் வேறு எதையும் பார்த்திருக்க முடியாது.

பிறகு ஆயுத பூஜை வந்தது. ஷெட்டுகளெல்லாம் கரி கழுவிப் பளபளக்கும் நேரம். பூஜைக்கு முன்னால் அப்பா வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டுக்குப் போய்விட்டு, எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்தார். பிரித்தார். புது லிஃப்டர். வில்லும் கிண்ணியும் ஒன்றாகவே வார்த்தது போல் இறுக்கமாக, பிடிக்குப் பதில் திருகுகிற ஸ்க்ரூ. அவர் முகத்தில் அப்படி ஒரு வெட்கமான சந்தோஷம்.

"பாரு. திருகிட்டா அப்படியே நிக்கும். கைய எடுத்துடலாம். தனியாவே லாக் போட்டுடலாம், ஆரும் வோணாம்."

அம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அப்போ பழசு?"

"அதுக்கு இனிமே இன்னா வேல?"

அவள் அடுப்படிக்குள் போனாள். வெங்காயம் அரிவதாக நினைத்தேன். போய்ப் பார்த்தால் வெறும் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

புதுச் சாமான் வந்தால் அம்மா அழுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. பூஜையன்று அவளே அதற்குச் சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள். பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு நான் தகரத்துக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பெரியம்மா அங்கே சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் பூசணிக்காய் உடைந்தது. புகை மட்டும் தகரத்துக்கு மேலே ஒன்றாகப் போனது. ஒரு புகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

பூஜை முடிந்து பார்த்தால் மாடத்தில் வில் இல்லை.

"குஜிரிக்குப் போட்டுட்டீங்களா?" என்று அம்மா கேட்டாள். பழைய இரும்புக் கடையைச் சொன்னாள்.

"எங்கியோ போச்சு உடு," என்றார் அப்பா.

பின்னல் அவிழ்ந்தது. திரும்ப அள்ளிமுடிச்சு. அம்மா சில நாள் தூண்டில் போட்டுப் பார்த்தாள். "புதுசு நல்லாதான் அமுக்குதா? அந்தக் கிண்ணி மாதிரி வருமா?" என்பாள். "சூப்பரா கீது," என்பார் அப்பா. "ஏதாவது சின்ன சாமான், கீமான், யார்கிட்டயாவது வாங்கியாரணுமா?" என்பாள். "எல்லாம் கீதே," என்பார். இவ்வளவு வசதியாக ஒரு மனிதர் இருப்பதைக் கண்டு யாரும் அம்மா அளவுக்கு வெறுத்திருக்க மாட்டார்கள்.

ஒரு மத்தியானம் அம்மா பாத்திரத்தைக் கவிழ்த்தாள். தூக்கை எடுத்தாள். மாவுப் பானையைத் திறந்தாள், மூடினாள். தூக்கை இருந்த இடத்திலேயே வைத்தாள். என் கையைப் பிடித்தாள். வெறுங்கையோடு பெரிய தெருவில் இறங்கினாள்.

பெரியப்பா சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தார். கையலம்பிக்கொண்டு வாசலில் நின்றவர் எங்களைப் பார்த்ததும் திகைத்தார். இதுவரை அவர் இருக்கும்போது நாங்கள் போனதில்லை. அம்மா படிக்குக் கீழேயே நின்றுவிட்டாள். பெரியப்பா ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார். சாமி மாடத்திலிருந்து எதையோ எடுத்து, துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார்.

வில். அதன் முனையில் கிண்ணி மாட்டியிருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு முழுசாக.

"இதத்தான தேடி வந்த? எடுத்துகினு போ," என்றார். "பூஜ அன்னிக்கு தகரத்துக்கு அடியில தள்ளி உட்டுட்டுப் போயிகீறான். ஒரு வார்த்த சொல்லல. என்கிட்டயே இருக்கட்டும்னு குடுத்தானா, தல முழுகிட்டேன்னு குடுத்தானா, ஒண்ணும் புரியல எனக்கு."

அம்மாவுக்கும் புரியவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவள் அந்த இரும்பைப் பார்த்தாள். அப்பா அண்ணனுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார் என்றே எனக்கு இப்போது படுகிறது. தனக்குப் புதுசு வாங்கிக்கொண்டு, அப்பன் செய்ததை முழுசாக அவருக்கே கொடுத்திருக்கிறார். நல்ல காரியம்தான். அந்த நல்ல காரியம்தான் அவளுடைய வழியை அடைத்திருக்கிறது.

"வோணாம் மாமா," என்றாள். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "நான் ஒண்ணும் வாங்க வரல. எங்கக்காவப் பாக்க வந்தேன்."

பெரியப்பா இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். "அதுக்கின்னா, உள்ளதான் கீறா. போய்ப் பாரு."

"பாக்கலாமா?"

"இன்னாம்மா கேள்வி இது? யாரு வோணாம்னா?"

அம்மா வாயைத் திறந்தாள். யார் என்று சொல்ல வந்தாள். பெரியம்மா அவருக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள், கையில் சோற்றுக் கரண்டியோடு. அக்காளும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உன் வீட்டுக்காரர் சொல்லியிருப்பார் என்று இவளும், உன் வீட்டுக்காரர்தானே என்று அவளும். ஆனால் யாரும் சொல்லவில்லை. ஒரு நாளும் ஒருவரும் சொல்லவில்லை. வாயால் சொல்லாத ஒரு தடையை, சாக்கடைச் சந்து வழியாக, மாவுக்கடியில் இரும்பை வைத்து அவர்கள் மீறிக்கொண்டிருந்தார்கள்.

"கரண்டியக் கீழ வைக்கா, சோறு சிந்துது," என்றாள் அம்மா. அதற்குமேல் நின்றால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

பெரியப்பா லிஃப்டரைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். உள்ளே அவர்கள் இருவரும் புது மனிதர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஒளிந்து வந்த நாட்களில் பேச்சு ஓயாது. இன்று பெரியம்மா, விருந்தாளியைக் கேட்பது போல, "காபி குடிக்கிறியா?" என்றாள். அம்மா, "உனக்கு எதுக்குக்கா செரமம்?" என்றாள். பிறகு இருவருக்கும் கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று எனக்குத் தெரியவில்லை. பெரியம்மா சீப்பை எடுத்து வந்தாள். அம்மா, "இரு வரேன், அதுக்கு முந்தி ஒரு வேல கீது," என்று எழுந்தாள்.

பூஜை நாளைத் தவிர அம்மா ஷெட்டுக்கு வந்து அன்றுதான் நான் பார்த்தேன். தலைவிரி கோலமாகத்தான் வந்தாள் என்று சொல்ல வேண்டும். பாய் பிரஷ்ஷைப் பெயின்ட் டப்பாவுக்குள் விட்டுவிட்டு எழுந்து நின்றார். அப்பா தனியாக, புது லிஃப்டரின் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தார். தகரத்துக்கு அந்தப் பக்கம் பெரியப்பா எதையோ தட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தார்.

"எங்கருந்து வர?" என்றார் அப்பா.

"அக்கா வீட்டுலருந்து."

"இன்னாத்துக்குப் போன?"

"சும்மா."

அப்பா திருகுவதை நிறுத்தினார். அந்தப் பக்கம் தட்டுவதும் நின்றுவிட்டது. அப்பாவின் முகத்தில் கோபம் வரும் என்று நான் காத்திருந்தேன். அம்மாவும் அதற்காகவே, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். கோபம் வரவில்லை. ஏதோ தொலைத்துவிட்டு அது என்னவென்று மறந்துபோனவர் மாதிரி அவர் நின்றார்.

"அண்ணன் எப்படி கீறாரு?" என்றார் மெதுவாக.

"என்னக் கேட்டா?" என்றாள் அம்மா. அவள் குரல் சந்து முழுக்கக் கேட்டது. "தகரத்துக்கு அந்தப் பக்கம்தான கீறாரு? இனிமே நான் தூக்கிகினு அலைய மாட்டேன். இரும்பையும் தூக்க மாட்டேன், பேச்சையும் தூக்க மாட்டேன். நான் எங்கக்காவுக்காகத்தான் போவேன். நீங்களே கேட்டுக்குங்க."

அப்பா தகரத்தைப் பார்த்தார். கையைக் கழிவுப் பஞ்சில் துடைத்தார். முன்னும் பின்னும் துடைத்தார். நகக்கண்ணைத் துடைத்தார். துடைக்க வேறு ஒன்றும் இல்லை என்று ஆனபிறகு, தகரத்துக்குக் கிட்டே போய், அதனிடமே கேட்பது போலக் கேட்டார்.

"சாப்ட்டியாண்ணா?"

பாய் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் ஒரு ஸ்பேனர் தரையில் வைக்கப்படுகிற ஓசை. பிறகு பெரியப்பாவின் குரல், மத்தியானத் தூக்கத்தில் எழுப்பிவிட்டது போல, தடுமாறிக்கொண்டு வந்தது.

"யாரு... என்னையாடா கேக்கற?"